காதலர் தினத்துக்குக் குழந்தைகளோடு மர நினைவுப்பொருள்: ரேகையும் கையெழுத்தும் மரத்தில் கசியாமல் பதிய என்ன செய்யலாம்?

#1 புதுக்கைவினை

பிப்ரவரி 14-க்கு மரத்தில் ஒரு நினைவுப்பொருள் செய்ய வேண்டும். 4 வயது, 8 வயது, இரண்டு குழந்தைகளுக்கும் அதில் வேலை இருக்க வேண்டும். உள்ளங்கை அளவில் இதயப் பலகை, நடுவில் சின்னவளின் கட்டைவிரல் ரேகையால் ஒரு குட்டி இதயம், கீழே பெரியவன் கையெழுத்தில் ஒரு வரி, பின்பக்கம் தேதி. 12 மி.மீ கனத்தில் பைன் பலகை கையில் இருக்கிறது.

கழிவுத்துண்டில் சோதித்ததில் ஆக்ரிலிக் வண்ணம் மரக்கோடுகள் வழியே மீசை மீசையாக ஓடிவிட்டது, ரேகை தெரியவே இல்லை. குறை வண்ணத்திலா மரத்திலா? எழுத்தை மரத்துக்கு எப்படி மாற்றுவது, மேலே என்ன பூசுவது என்றும் சொல்லுங்கள்.

#2 பட்டறை_மேசை

இரண்டிலும் குறை இல்லைங்க, வரிசையில்தான் குறை. பூச்சு இல்லாத மரம் நெருக்கி அடுக்கிய நுண்குழாய்க் கட்டு மாதிரி. ஈரமான எதை வைத்தாலும் குழாய் போகிற திசையில் இழுத்துக்கொள்ளும். பைனில் வெளிர்ப் பட்டை மெத்தென்றும் அடர் பட்டை கெட்டியாகவும் இருப்பதால் ஒன்று அதிகம் குடிக்கும், ஒன்று குடிக்காது. அதனால்தான் கறை ஒரே சீராகப் பரவாமல் மீசையாக ஓடுகிறது.

முதலில் மரத்தின் வாயை அடையுங்கள். 120 எண் உப்புத்தாள், பிறகு 180, இரண்டுமே மரக்கோட்டின் போக்கிலேயே. குறுக்கே தேய்த்த கீறல் அப்போது கண்ணில் படாது, வண்ணம் ஏறியதும் பளிச்சென்று தெரியும். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து 1 மணி நேரம் காயவிடுங்கள். படுத்திருந்த மரமயிர் எழுந்து நிற்கும். அதை 220-ஆல் லேசாகச் சீவிவிட்டால் அடுத்த பூச்சில் மறுபடி எழாது. தூசியைத் துடைத்துவிட்டு, தண்ணீர் சார்ந்த மேட் வார்னிஷ் மெல்லிசாக ஒரு பூச்சு, 2 மணி நேரம் கழித்துத் தேய்ந்த 220-ஆல் இரண்டு இழுப்பு, இன்னொரு பூச்சு. ராத்திரி முழுக்கக் காயட்டும். பளபளப்பு வார்னிஷ் வேண்டாம், அதில் விரல் வழுக்கி ரேகை இழுபடும்.

இதில் இன்னொரு பெரிய லாபம் உண்டு. அடைத்த பரப்பில் பதிவு கோணினால் ஒரு நிமிடத்துக்குள் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். பூசாத மரத்தில் முதல் பதிவே கடைசிப் பதிவு. நாலு வயதுக் குழந்தையிடம் "ஒரே தடவைதான், அசையாதே" என்று சொல்லி அதன் கையை இறுக்கிப் பிடிப்பது அந்த வேலையின் சந்தோஷத்தையே கெடுத்துவிடும்.

பைனில் கணு இருந்தால் அதன் மேல் மட்டும் மெழுகு நீக்கிய அரக்கு வார்னிஷ் இரண்டு தடவை தொட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கணுவின் பிசின் சில வாரங்களில் மேலேறி வெளிர் வண்ணத்தில் மஞ்சள் வட்டமாகத் தெரியும்.

#3 உளிச்சத்தம்

பலகையைப் பற்றிச் சொல்கிறேன். வெட்டுவதற்கு முன்னால் மரக்கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். இதயத்தின் மேல் பள்ளத்திலிருந்து கீழ் நுனிக்கு, செங்குத்தாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கீழ் நுனியில் இழைகள் அரை சென்டிமீட்டர் நீளத்துக்குக்கூட இருக்காது. ஒருமுறை கீழே விழுந்தால் நுனி பிஸ்கட் மாதிரி உடைந்துவிடும்.

வடிவத்துக்கு அச்சு எதுவும் தேடவேண்டாம், 8 வயதுப் பிள்ளையே காம்பஸில் வரைந்துவிடும். 6 செ.மீ பக்கமுள்ள சதுரத்தை மூலை கீழே வருகிற மாதிரி திருப்புங்கள். மேலே வருகிற இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளியிலும் காம்பஸை ஊன்றி 3 செ.மீ ஆரத்தில் வெளிப்புறமாக அரைவட்டம். அகலம் ஏறக்குறைய 10.2 செ.மீ, உயரம் 9.4 செ.மீ வரும். பெரிதாக வேண்டுமென்றால் சதுரத்தின் பக்கத்தை மாற்றினால் போதும், ஆரம் அதில் பாதி.

கோப்பிங் சா என்கிற வில் ரம்பம் போதும், அங்குலத்துக்கு 15 பல் உள்ள பிளேடு. மேசை விளிம்பில் "வி" வடிவத்தில் வெட்டிய ஒரு பலகையை கிளாம்ப் போட்டு நீட்டிவைத்து, இதயத்தை அதன் மேல் படுக்கவைத்து அறுங்கள். கைப்பிடி கீழே இருக்கட்டும், பல் கைப்பிடியைப் பார்த்து இருக்கட்டும். இழுக்கும்போதுதான் வெட்ட வேண்டும், தள்ளும்போது அழுத்தம் வேண்டாம். வளைவில் பிளேடு முறிவதற்கு முக்கியக் காரணம், ரம்பத்தை நிறுத்திவிட்டுத் திருப்புவது. அதே இடத்தில் அறுத்துக்கொண்டே மெதுவாகத் திரும்ப வேண்டும். மேல் பள்ளத்தில் திரும்பப் பார்க்காதீர்கள். ஒரு பக்கத்திலிருந்து பள்ளம் வரை வந்து, ரம்பத்தைப் பின்னால் எடுத்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து வந்து சேருங்கள். கோட்டுக்கு 1 மி.மீ வெளியே அறுத்துவிட்டு மிச்சத்தை அரத்தால் கொண்டுவருவது நல்லது.

#4 புதுக்கைவினை

நன்றி அண்ணா. 8 வயதுப் பையனிடம் அந்த ரம்பத்தைக் கொடுக்கலாமா? சின்னவளுக்கு இந்தக் கட்டத்தில் என்ன வேலை?

#5 உளிச்சத்தம்

பலகை கிளாம்பில் இறுகி இருந்து, அவனுடைய இரண்டு கையும் ரம்பத்தின் கைப்பிடியில் இருந்தால் நேரான இரண்டு பக்கங்களையும் அவனே அறுக்கலாம். ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுப்பது கூடவே கூடாது, வெட்டுக்காயம் அங்கேதான் வரும். அரைவட்டங்களை நீங்கள் அறுத்துக்கொடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு பேருக்கும்.

சின்னவளுக்கு உப்புத்தாள். தாளை மட்டும் கையில் கொடுத்தால் இரண்டே நிமிடத்தில் கசக்கிவிடுவாள். தீப்பெட்டி அளவு மரக்கட்டையில் சுற்றி ஒட்டிக் கொடுங்கள். பலகை முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டு "பென்சில் மறைகிற வரை தேய்" என்றால் போதும். தேய்த்த இடமும் தேய்க்காத இடமும் அவளுக்கே தெரியும்.

தேய்க்கும்போது முகக்கவசம், வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பு. மரத்தூள் சின்ன விஷயம் இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒரு மாலை வேலைக்குப் பயப்பட வேண்டாம், பழக்கத்தை ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். எம்.டி.எஃப் பலகையை, அதாவது மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகையை, குழந்தைகள் தேய்க்கவே வேண்டாம். மாவு மாதிரித் தூள், அதோடு பிசினும் சேர்ந்து பறக்கும்.

#6 வண்ணத்தூரிகை

ரேகை இதயம் பதிக்கிற விதம்: விரலை வண்ணத்தில் முக்காதீங்க. முக்கினால் ரேகையின் பள்ளமெல்லாம் நிறைஞ்சு வெறும் பொட்டுதான் விழும். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு சிறு துண்டு வெட்டி, அதில் கொஞ்சமா ஆக்ரிலிக் தொட்டு, விரல் மேல ஒத்தி எடுங்க. முதல் பதிவு காகிதத்தில, இரண்டாவது பதிவு மரத்தில. முதல் பதிவு அதிகப்படி வண்ணத்தை எடுத்துடும், இரண்டாவதுலதான் கோடு கோடா ரேகை வரும்.

இதயமாக்க அதே கட்டைவிரலை இரண்டு தடவை வைக்கணும். ஒண்ணு இடப்பக்கம் 45 டிகிரி சாய்ஞ்சு, ஒண்ணு வலப்பக்கம் 45 டிகிரி சாய்ஞ்சு, அடி இரண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும். விரலை உருட்ட வேண்டாம், மேலிருந்து நேரா வைச்சு நேரா எடுக்கணும். இரண்டாவது பதிவுக்கு முன்னாடி 10 நிமிஷம் விடுங்க, இல்லைன்னா ஏறுகிற இடம் குழம்பிடும். இரண்டு குழந்தைகள் இருக்கிறதால இடப்பாதி சின்னவளோடது, வலப்பாதி பெரியவனோடதுன்னு வைக்கலாம். விரல் அளவு வித்தியாசமே அழகா இருக்கும்.

முத்திரை மைப்பெட்டி பயன்படுத்துறவங்க கவனிங்க. சாயம் கலந்த மை மேல தண்ணீர் வார்னிஷ் பட்டதும் கரைஞ்சு இளஞ்சிவப்பா ஓடிடும், வெயில்ல வெளுக்கவும் செய்யும். நிறமித் துகள் கலந்த மை இரண்டுக்கும் தாங்கும்.

எழுத்துக்கு: அவனைப் பலகையில் எழுதச் சொல்லாதீங்க. காகிதத்தில அவன் இஷ்டத்துக்கு எழுதட்டும், ஜெராக்ஸ்ல பலகையில அடங்குற அளவுக்கு, 60 சதவீதமோ அதுக்கும் கீழயோ சுருக்குங்க. 8 வயசுப் பிள்ளை ஐந்து சொல் எழுதினா 15 செ.மீ தாண்டிடும், உங்க பலகையே 10 செ.மீதான். சுருக்கின தாளின் பின்பக்கம் 4பி பென்சிலால் அடர்த்தியாத் தேய்ச்சு, மரத்தில ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால எழுத்து மேலேயே அழுத்தி ஓட்டினா மரத்தில மெல்லிய பென்சில் கோடு விழும்.

#7 நூலும்_ஆணியும்

கார்பன் தாள் இருக்கும்போது பென்சில் தேய்ப்பு எதற்கு? இரண்டு நிமிட வேலை.

#8 வண்ணத்தூரிகை

கார்பன் தாளில் மெழுகு இருக்குங்க. கோடு அழியாது, அதன் மேல தண்ணீர் வண்ணமும் சரியா ஒட்டாது. ஓரத்தில நீலக் கோடு எட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கும். வெளிர் மரத்தில இதைச் செய்யவே வேண்டாம். பென்சில் கோடுன்னா மிச்சத்தை ரப்பரால எடுத்துடலாம்.

கோட்டு மேல எழுத 0.7 மி.மீ முனையுள்ள ஆக்ரிலிக் மார்க்கர், இல்லைன்னா நிறமி மை உள்ள மெல்லிய பேனா. ஸ்கெட்ச் பேனா வார்னிஷில் கரையும். பெர்மனன்ட் மார்க்கர் மை ஆல்கஹாலில் கரையுறது. அதன் மேல ஆல்கஹால் கலந்த அரக்கு வார்னிஷ் பூசினா எழுத்து ஊதா மேகமா மாறிடும்.

தமிழ் எழுத்துக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. ழ, ணி, கூ மாதிரி சுழி உள்ள எழுத்தைச் சின்னதாப் போட்டா சுழி அடைஞ்சுடும். எழுத்து உயரம் 8 மி.மீக்குக் குறைய வேண்டாம். மெய்யெழுத்துப் புள்ளியைப் பேனாவால வைக்காம, பல்குச்சி முனையில வண்ணம் தொட்டு வைங்க, வட்டமா நிற்கும். பையன் புள்ளியை விட்டிருந்தா, ர-வுக்கு ற போட்டிருந்தா, அப்படியே இருக்கட்டும். அவனுடைய எட்டு வயசு அந்தப் பிழையிலதான் இருக்கு. திருத்திக் கொடுத்தா அது உங்க கையெழுத்தாகிடும்.

#9 சில்லுமரம்

பலகை வெட்டுகிற வசதி இல்லாதவர்கள் மரக்கிளையைக் குறுக்கே அறுத்த வட்டச் சில்லு பயன்படுத்தலாம், 10–12 செ.மீ அகலம், 15 மி.மீ கனம். பட்டையோடு சேர்ந்து பார்க்க அருமையாக இருக்கும்.

#10 பட்டறை_மேசை

பச்சைச் சில்லு வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து விளிம்புக்கான திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வட்டச் சில்லில் அந்த இழுவிசை போக வேறு வழியில்லை, மையத்திலிருந்து விளிம்புக்கு ஒரே பிளவாகப் பிளக்கும். 14-ஆம் தேதி முழுசாகக் கொடுத்தது மார்ச் மாதம் ரேகைக்கு நடுவே வெடித்து நிற்கும்.

காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள சமையலறைத் தராசே போதும். 4 நாளுக்கு ஒருமுறை எடை போடுங்கள், அடுத்தடுத்து இரண்டு தடவை ஒரே எடை வந்தால் காய்ந்தது. அவசரத்துக்கு ஓவனிலோ மைக்ரோவேவிலோ வைக்காதீர்கள், பிளவு நிச்சயம், தீப்பிடிக்கவும் கூடும்.

#11 சில்லுமரம்

ஒப்புக்கொள்கிறேன், காய்ந்த சில்லு என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்றும் சேர்க்கிறேன்: சில்லின் முகம் முழுக்கக் குழாய் வாய்தான். பலகைக்கு இரண்டு அடைப்புப் பூச்சு என்றால் இதற்கு மூன்று அல்லது நாலு. பட்டை உதிராமல் இருக்க, பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தூரிகையால் ஊட்டுங்கள்.

#12 நூலும்_ஆணியும்

8 வயதுக்கு ஆணி நூல் வேலையும் நன்றாகப் பொருந்தும். உளிச்சத்தம் சொன்ன இதயத்தையே பெரிய சதுரப் பலகையில் வரைந்தால் சுற்றளவு கிட்டத்தட்ட 31 செ.மீ. 1 செ.மீக்கு ஒன்று என்றால் 31 ஆணி. 25 மி.மீ நீளம், 1.5 மி.மீக்கு மேல் தடிமன் வேண்டாம். 10 மி.மீ உள்ளே, 15 மி.மீ வெளியே. பலகை 18 மி.மீ இருந்தால் ஆணி பின்னால் எட்டிப் பார்க்கிற பயம் இல்லை.

ஆணியைக் குழந்தை விரலால் பிடிக்க வேண்டாம். துணிக்கிளிப்போ சீப்பின் பல் இடுக்கோ பிடித்துக்கொள்ளும். இதயத்தைக் காகிதத்தில் வரைந்து பலகையில் ஒட்டி, காகிதத்தின் மேலேயே ஆணி அடியுங்கள். நூல் சுற்றுவதற்கு முன்னால் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிட வேண்டும், சுற்றிய பிறகு எடுக்கவே முடியாது.

பலகை பிளக்கிறது என்றால் பக்கத்துப் பக்கத்து ஆணிகள் ஒரே மரக்கோட்டில் விழுகின்றன என்று அர்த்தம். ஆணியைத் தலைகீழாக நிறுத்தி முனையில் ஒரு தட்டு தட்டி மழுக்குங்கள். கூர்முனை இழைகளை ஆப்பு மாதிரி விலக்கும், மழுங்கிய முனை இழைகளை நசுக்கிக்கொண்டு இறங்கும். அப்படியும் பிளந்தால் 1 மி.மீ துளை போட்டு அடியுங்கள். எம்பிராய்டரி நூல் 8 மீட்டர் எடுத்துவையுங்கள். முதல் முடிச்சிலும் கடைசி முடிச்சிலும் ஒரு சொட்டு வெள்ளைப் பசை.

#13 புதுக்கைவினை

எழுத்தைச் சூட்டுப் பேனாவால் எரித்தால் இன்னும் நிலைக்குமா? அப்புறம், இதைக் கொடுக்கப்போகும் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு, எதையும் வாயில் வைக்கும். மேல்பூச்சு எதுவாக இருக்க வேண்டும்?

#14 பட்டறை_மேசை

எரிப்பதென்றால் அடைப்புப் பூச்சுக்கு முன்னாலேயே எரிக்க வேண்டும். வார்னிஷ் மேல் சூட்டுப் பேனா வைத்தால் அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது. ப்ளைவுட், எம்.டி.எஃப், வண்ணம் பூசிய பழைய மரம் எதிலும் எரிக்காதீர்கள். பேனாவின் முனை 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அணைத்த பிறகும் நெடுநேரம் சுடும். ஆகவே 8 வயதுக்கு அதைக் கொடுக்க வேண்டாம். அவன் எழுதியதை நீங்கள் எரியுங்கள். பைனில் கோடு மென்பட்டையில் ஆழமாகவும் கெட்டிப்பட்டையில் மேலோட்டமாகவும் விழுந்து திக்கும். பாஸ்வுட் போன்ற சீரான மரத்தில்தான் எழுத்து ஒழுங்காக வரும். உங்கள் பலகைக்குப் பேனாவே நல்லது.

மேல்பூச்சு: தண்ணீர் சார்ந்த மேட் வார்னிஷ், டப்பாவில் இ.என் 71-3 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பொம்மைகளிலிருந்து ஈயம், காட்மியம் போன்றவை எவ்வளவு கசியலாம் என்று வரம்பு வைக்கும் ஐரோப்பியத் தரம் அது. கடையில் விற்கும் "பாயில்டு" ஆளிவிதை எண்ணெயைத் தவிருங்கள், சீக்கிரம் உலர வேண்டும் என்று அதில் பெரும்பாலும் உலோக உப்புகள் சேர்ப்பார்கள். ஆளிவிதை எண்ணெய் எதுவானாலும், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போட வேண்டும். தேன்மெழுகு பூச ஆசையிருந்தால் எல்லாவற்றுக்கும் கடைசியில் பூசுங்கள், மெழுகு மேல் எதுவும் ஒட்டாது.

ஒன்றரை வயதுக் குழந்தை தொடும் வீட்டுக்கு ஆணி நூல் பலகை வேண்டாம், ஒட்டிய மணிகளும் வேண்டாம். 3 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளில் சிறு துண்டுகளைப் போட்டுச் சோதிக்கும் குழலின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் அடங்கிவிடும் எந்தத் துண்டும் தொண்டையை அடைக்கலாம். பின்னால் குண்டுக் காந்தம் ஒட்டவே கூடாது. இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு குடலைத் துளைத்துவிடும். காந்தம் வேண்டுமென்றால் வளையும் தாள்காந்தத்தைப் பலகை அளவுக்கே வெட்டி ஒட்டுங்கள்.

#15 உளிச்சத்தம்

நாட்களையும் 14-ஆம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிவிடுங்கள். வார்னிஷ் 2 மணி நேரத்தில் தொட்டுப் பார்க்கக் காயும், முழுசாக இறுக 2 முதல் 3 வாரம் ஆகும். 13-ஆம் தேதி பூசி பிளாஸ்டிக் உறையில் போட்டால் பிரிக்கும்போது உறையோடு ரேகையும் உரியும். பிப்ரவரி 1, 2-இல் வெட்டும் தேய்ப்பும், 3-இல் அடைப்பு, 4-இல் ரேகையும் எழுத்தும், 24 மணி நேரம் விட்டு 5-இல் முதல் மேல்பூச்சு. தூரிகையை ஒரே திசையில் ஒருமுறைதான் இழுக்க வேண்டும், முன்னும் பின்னும் போனால் எழுத்து மங்கும். 6-இல் இரண்டாவது. அப்புறம் 8 நாள் கிடைக்கிறது. வெண்ணெய்த்தாளில் சுற்றிக் கொடுங்கள்.

தொங்கவிடத் துளை என்றால் 5 மி.மீ, விளிம்பிலிருந்து 12 மி.மீ தள்ளி. அடியில் ஒரு கழிவுப் பலகை வைத்துத் துளையிட்டால் பின்பக்கம் பிசிறாது. துளையிடுவது தேய்ப்புக்கு முன்னால்.

#16 சில்லுமரம்

வடிவத்துக்கு ஒரு யோசனை. வேல்ஸ் நாட்டில் ஒரே மரத்துண்டில் செதுக்கிய காதல் கரண்டிகளைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அங்குள்ள செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1667-ஆம் ஆண்டு பொறித்த ஒன்று இருக்கிறது. இதயம் அன்புக்கு, சங்கிலி பிரியாமைக்கு, கூண்டுக்குள் உருளும் குண்டுகள் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு. அதேபோல உங்கள் இதயத்தின் ஓரத்திலும் குழந்தைக்கு ஒன்றாக 6 மி.மீ துளை போட்டு, அவரவர் தேர்ந்தெடுத்த வண்ணத்தைத் துளைக்குள் பூசலாம். ஒட்டிய மணி இல்லாததால் வாயில் போகிற பயமும் இல்லை.

#17 புதுக்கைவினை

இரண்டு துளை போட்டாயிற்று, ஒன்று மஞ்சள், ஒன்று ஊதா. ரேகை கோடு கோடாகத் தெளிவாக விழுந்திருக்கிறது. மூன்றாவது முயற்சியில் கிடைத்தது, முதல் இரண்டையும் துடைக்க முடிந்தது. ஒரு சந்தேகம் மட்டும்: இரண்டாவது மேல்பூச்சு ஓரத்தில் பால் மாதிரி வெளுத்திருக்கிறது. தேய்த்து எடுத்துவிடட்டுமா?

#18 பட்டறை_மேசை

தேய்க்காதீங்க, ரேகையும் சேர்ந்து போய்விடும். ஓரத்தில் பூச்சு கனமாகத் தேங்கி ஈரம் உள்ளே மாட்டியிருக்கிறது, அல்லது முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவது ஏறியிருக்கிறது. காற்றோட்டமான நிழலில், நாலு பக்கமும் காற்றுப் படும்படி இரண்டு குச்சிகளின் மேல் படுக்கவைத்து 2 நாள் விடுங்கள். பெரும்பாலும் தானாகத் தெளியும். அப்போதும் வெளுப்பு இருந்தால் அந்த ஓரத்தை மட்டும் 320-ஆல் லேசாகத் தேய்த்து, மெல்லிய ஒரு பூச்சு. பின்பக்கத் தேதியை ஹெச்.பி பென்சிலால் எழுதி அதன் மேலும் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள், பென்சில் கரி வெயிலில் வெளுக்காது. குழந்தைகளின் வயதையும் சேர்த்து எழுதுங்கள்.